புயல் பட்டியலில் இல்லாத கதவு

"காத்தடிச்சா இந்தப் பொண்ணே எகிறிப் பூடும் போலக் கீதே சார். இது கையில போயி காலேஜைக் குடுக்கறீங்களே!"

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எலக்ட்ரீஷியன் கன்னியப்பன் அண்ணன் என் காதுபடச் சொன்னது இது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது அந்தக் கல்லூரி. வளாகப் பராமரிப்புப் பிரிவில் எனக்கு உதவியாளர் வேலை. அப்போது என் எடை நாற்பத்தொரு கிலோ. அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி பொய் என்று காட்ட எனக்கு எட்டு வருஷம் பிடித்தது.

போன மாதம் அந்த வேலையை விட்டேன். எனக்கு வயது முப்பது. பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் நினைவுக் குறிப்பை இந்த வயதில் எழுதுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் இடத்துக்கு வந்திருக்கும் நந்தினி விடவில்லை. முதலில் அவள் கேட்டது கட்டுரை இல்லை, பட்டியல்.

"அக்கா, இப்பல்லாம் புயல் எங்க இருக்கு, எப்ப கரையைக் கடக்கும்னு எல்லாமே போன்ல வந்துடுது. உங்க புயல் லிஸ்ட்டை மட்டும் வாட்ஸ்அப்ல போட்டுடுங்க, போதும்."

போட்டேன். மறுநாளே கூப்பிட்டாள்.

"அக்கா, எல்லாம் புரியுது. கடைசி வரி மட்டும் புரியல. 'விடுதிப் பின்கதவை உள்ளேயிருந்து தள்ளித் திறந்து, வெளியே போய் நின்று, திரும்பி வரவும்'னு போட்டிருக்கீங்க. இது என்ன வேண்டுதலா?"

வேண்டுதல் இல்லை, நந்தினி. அது நான் செய்த தப்பு. அதைப் பட்டியலில் எழுத இடமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் பெருநகர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கி, நடவு நட்டு, அறுப்பு அறுத்து எங்களை வளர்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்துவிட்டு வெளியே வந்த முதல் ஆள் நான். இதை எங்கே சொன்னாலும் எனக்குக் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும். அதே கல்லூரியில் மூன்று வருஷம் விடுதியில் தங்கி இயற்பியல் படித்தேன். படித்து முடித்த கல்லூரியிலேயே வேலை கிடைத்தபோது அப்பா கேட்டார்: "ஃபேனுக்குக் கீய குந்திக்கினு சம்பளமா எஸ்தரு?" இல்லை நைனா, பாதி நாள் ஏணி மேலேதான் இருப்பேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

முதல் இரண்டு வருஷம் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எந்த மோட்டார் எத்தனை மணிக்கு, எந்தக் கால்வாய் எங்கே போய்ச் சேருகிறது என்பதிலேயே போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. புயலைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு தண்ணீர்த் தொட்டி.

சேர்ந்த வருஷத்து மழைக்காலம். புயல் வருகிறது, எப்படியும் கல்லூரிக்கு விடுமுறை, இந்த நேரத்தில் மொட்டைமாடித் தொட்டிகளைக் கழுவிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். நாலு பிளாஸ்டிக் தொட்டிகளையும் காலி செய்தோம். காற்று நின்ற பிறகு போய் எண்ணினால் மூன்றுதான் இருந்தது. மத்தியானம் பக்கத்து நிலத்துக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"உங்க டேங்கு ஒன்னு எங்க நெல்லு மேல குந்திக்கினு கீது. வந்து தூக்கினு போறீங்களா, இல்ல நெல்லோட சேத்து அறுத்துக்கட்டுமா?"

காலித் தொட்டி பறக்கும், நிறைந்த தொட்டி பறக்காது. இதற்கு இயற்பியல் பட்டமே தேவையில்லை, பட்டம் வாங்கியும் எனக்குத் தோன்றவில்லை. அன்று எழுதியதுதான் பட்டியலின் முதல் வரி: 'தொட்டிகள் எல்லாவற்றையும் கழுத்து வரை நிரப்பு.' தொட்டியைத் தூக்கி வரும் வழியெல்லாம் கன்னியப்பன் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். "நான் சொன்னது உனுக்குன்னு நெனச்சேன். டேங்குக்குச் சொல்லிக் கீறேன் போல."

பிறகு ஒவ்வொரு மழைக்கும் சில வரிகள் சேர்ந்தன. சைக்கிள் நிறுத்துமிடத்துத் தகரங்களுக்குக் கூடுதலாக ஒரு கட்டுக்கம்பி. தென்னைகளில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் முன்னதாகவே இறக்குவது. வாசலில் நிற்கும் வாழ்த்துப் பலகைகளையும் பேனர்களையும் அவிழ்ப்பது. அவற்றில் யார் படம் இருந்தாலும் சரி. பேருந்துகளை மரத்தடியிலிருந்து எடுத்து மேட்டுப் பக்கம் நிறுத்துவது.

சோடியம் பாட்டில் ஒரு வரி. வேதியியல் ஆய்வகம் தரைத்தளத்தில் இருந்தது. அங்கே அலமாரியின் கடைசித் தட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மண்ணெண்ணெயில் மூழ்கவைத்த சோடியம். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் உலோகம் அது. ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வளாகத்துக்குள் வந்தால் முதலில் நனையும் தட்டில் அதை வைத்திருந்தார்கள். கேட்டதற்கு ஆய்வக உதவியாளர், "அது பத்து வருஷமா அங்கதாம்மா கீது, ஒன்னும் பண்ணல" என்றார். நானும் அவருமாக அதைக் கைக்குழந்தை மாதிரி மாடிக்கு ஏந்திப் போனோம். அந்த வருஷமே ஆய்வகத்தில் முழங்கால் தண்ணீர்.

இந்த வரிகளையெல்லாம் சரிபார்த்தவர் எங்கள் நிர்வாக அலுவலர். எல்லாரும் ஏ.ஓ. சார் என்போம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் ஒரு நீலப் பேனா, ஒரு பச்சைப் பேனா. அவர் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்தது அபூர்வம். புயல் எச்சரிக்கை வந்ததும் கூப்பிடுவார். நான் நின்றபடி பட்டியலைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி.

"தொட்டுப் பாத்தியாமா?"

பார்த்தேன் சார் என்றால் போதாது. தொட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் பச்சைப் பேனா டிக் போடும். ஒருமுறை மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாய்களைத் தொடாமலே தொட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேலே கீழே ஏறி இறங்கி அவ்வளவு அலுப்பு. அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"கையக் காட்டு."

காட்டினேன்.

"இலை மக்கின சேத்துல கையை விட்டவ நகம் இவ்ளோ வெள்ளையா இருக்குமா? போயிட்டு வா."

போய்விட்டு வந்தேன். கோபமாகத்தான் வந்தேன். இந்த மனிதர் என்னை வளர்க்கிறார் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை; நாளைக்கு ஏதாவது ஆனால் 'அந்தப் பொண்ணு தொட்டேன்னு சொல்லுச்சு' என்று சொல்லிக்கொள்ள ஒரு டிக். அதுதான் அவருக்கு வேண்டியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என் கைக்குப் பழகிவிட்டது.

அந்தப் பழக்கம் தொடாத இடம் ஒன்று இருந்தது.

பெண்கள் விடுதி இரண்டு மாடிக் கட்டடம். முன்பக்கம் போர்ட்டிகோ, கம்பிக் கதவு. மாலை ஆறரைக்கு அதைப் பூட்டினால் காலை ஆறுக்குத்தான் திறக்கும். போர்ட்டிகோவுக்கு இடப்பக்கம் சமையலறை, அதை ஒட்டிக் கேஸ் சிலிண்டர்கள் வைக்கும் சின்னக் கொட்டகை. வாசலுக்கு எதிரே பெரிய தூங்குமூஞ்சி மரம். அதை வெட்டிவிடலாம் என்று நான் மூன்று வருஷம் எழுதிக் கொடுத்தேன். கல்லூரியைத் தொடங்கியவர் தன் கையால் வைத்த மரம் என்பதால் கிளைகளைக் கழிக்க மட்டும் அனுமதி கிடைத்தது. கழித்தோம். அது பட்டியலில் உண்டு.

கீழ்த்தளத்து நடைபாதையின் கோடியில் இன்னொரு இரும்புக் கதவு; கீழ்ப்பாதி தகடு, மேல்பாதி கம்பி. அது பட்டியலில் இல்லை.

அந்தப் புயல் வந்தபோது எனக்கு அங்கே ஆறாவது வருஷம். முந்தின நாளே விடுமுறை அறிவித்துவிட்டார்கள். விடுதிப் பிள்ளைகள் பலரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஐம்பத்தெட்டுப் பேர் போகவில்லை. சிலருக்கு ஊர் தூரம். சிலருக்கு, வீட்டைவிட விடுதிக் கூரை கெட்டி. அப்படிப்பட்ட வீடு எப்படி இருக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலை பதினொரு மணிக்கு ஏ.ஓ. சார் முன்னால் நின்று பட்டியலைப் படித்தேன். ஒரு வரி விடாமல் டிக். "எல்லாம் தொட்டாச்சு சார்" என்றபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. சமையல் மாஸ்டர் இரண்டு மணிக்கே இரவுச் சாப்பாட்டையும் முடித்து அடுப்பை அணைத்துவிட்டு ஆண்கள் விடுதிக்குப் போய்விட்டார். மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லிவிட்டு, மூன்று மணிக்கு நான் பெண்கள் விடுதிக்குள் போனேன். வார்டன் விமலா மேடத்தோடு சேர்ந்து தலைகளை எண்ணினேன். ஐம்பத்தெட்டு. மேடம் முன்கதவைப் பூட்டினார்.

மூன்றரை மணி இருக்கும். மரம் விழுந்தால் பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். முதலில் வந்தது சத்தம் இல்லை. காலுக்குக் கீழே தரை ஒருமுறை அதிர்ந்தது. பிறகுதான் சத்தம். பிறகு வாசல் பக்கம் முழுக்க இருட்டு. மூன்று நாள் மழையில் ஊறிப்போன வேரோடு அந்த மரம் போர்ட்டிகோவின் மேல் சாய்ந்திருந்தது. கம்பிக் கதவு வளைந்து, கதவுக்கும் படிக்கும் நடுவில் தொடை மொத்தக் கிளைகள். பூட்டைத் திறந்தாலும் ஒரு பூனை போக முடியாது.

யாருக்கும் அடிபடவில்லை. "அப்பாடா" என்று மேடம் சுவரில் சாய்ந்தார். அப்போது பவித்ரா என்ற பெண் குரல் கொடுத்தாள். ஒரு வாரத்துக்கு முன்னால் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு முன்னறையில் நாற்காலியில் இருந்தவள்.

"அக்கா, கேஸ் வாசனை வருது."

கொட்டகை நசுங்கியிருந்தது. எந்தச் சிலிண்டர், எந்தக் குழாய் என்று தெரியவில்லை. காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் உள்ளே தள்ளியது.

மாடிக்கு அனுப்பலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். கீழே எங்காவது ஒரு பொறி பட்டால் மாடியில் இருப்பவர்கள் இறங்க வழி இல்லை. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு சுவிட்சைக் கூடத் தொடாதீங்க. எரியறது எரியட்டும், அணைஞ்சது அணைஞ்சு கிடக்கட்டும்" என்று கத்தினேன். முன்னறைக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருந்த மரக்கதவைச் சாத்தி, போர்வைகளை நனைத்துக் கீழ் இடுக்கில் அடைத்தோம். ஜன்னல்களைத் திறந்தோம். எல்லாரையும் நடைபாதையின் கோடிக்கு வரச் சொன்னேன்.

அங்கே நின்றுதான் அந்தக் கதவைப் பார்த்தேன். மூன்று வருஷம் மாணவியாக அதன் கம்பியில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருக்கிறேன். பிறகு ஆறு வருஷம் பேனாவும் பட்டியலுமாக அதைக் கடந்து போயிருக்கிறேன். விடுதியில் சேர்ந்த முதல் நாளே சொல்வார்கள், பின்பக்கம் போகாதீங்க என்று. அது எனக்குச் சுவர். வெளியிலிருந்து வந்த ஒருத்தி பார்த்திருந்தால் 'இது எங்கே திறக்கும்?' என்று கேட்டிருப்பாள். அங்கேயே படித்தவள் நான், கேட்கவில்லை. ஒன்பது வருஷத்தில் என் கை அந்தக் கதவை முதல்முறையாகத் தள்ளியது அன்றைக்குத்தான். அது அசையவில்லை. உள்பக்கம் ஒரு பூட்டு, துருப்பிடித்தது. வெளிப்பக்கம் ஏதோ முட்டுக் கொடுத்திருந்தது.

மேடம் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். போட்டுப் பார்த்துக்கொண்டே கன்னியப்பன் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"ஜெனரேட்டர் ரூம்ல. இன்னா சத்தம் அது?"

"மரம் சாஞ்சிடுச்சு. வாசல் அடைச்சுக்கிச்சு. கேஸ் கசியுது. கடப்பாரை எடுத்துக்கினு விடுதிக்குப் பின்னாடி வாங்க."

"பின்னாடி ஏதும்மா வழி?"

இருபது வருஷமாக அந்த வளாகத்தில் வேலை செய்கிறவர். அவருக்கும் அது சுவர்தான்.

வந்தார், காவலாளியோடு. மழையில் அவர் குரல் விட்டு விட்டுக் கேட்டது. "அடச்சே, கட்டிலு! ஒடஞ்ச கட்டிலெல்லாம் இங்கதான் போட்டு வெச்சிக்கீறானுங்க!" ஒவ்வொரு கட்டிலையும் இழுத்துத் தள்ளும் சத்தம் கேட்டது. எண்ணினேன், பதினொன்று. கொத்தில் இருந்த சாவிகள் தீர்ந்துவிட்டன. ஒன்றும் சேரவில்லை. என் பின்னால் ஐம்பத்தெட்டுப் பேரும் நின்றார்கள்.

"கட்டிங் மிஷின் கொண்டாரட்டா? ரெண்டு நிமிஷத்துல அறுத்துடறேன்."

"வேணாம்ணே! பொறி பறக்கும்!"

"ஆமால்ல. சம்மட்டியும் வேணாம் அப்ப."

நனைந்த சாக்கைக் கம்பி இடுக்கு வழியாகத் தள்ளினார். பூட்டைச் சுற்றி நான் உள்ளேயிருந்து அதைச் சுற்றினேன். கடப்பாரையின் முனையைக் கொண்டிக்கும் சுவருக்கும் நடுவில் விட்டு, அடிக்காமல், இரண்டு பேருமாக வெளியிலிருந்து நெம்பினார்கள். மூன்றாவது நெம்பலில் சுவரின் பூச்சு உதிர்ந்தது. ஐந்தாவதில் கொண்டி செங்கல்லோடு பிய்த்துக்கொண்டு வந்தது. பூட்டு பூட்டியபடியே என் காலடியில் விழுந்தது.

அண்ணன் அதைக் குனிந்து பார்த்தார். "நல்ல பூட்டு" என்றார்.

நூலகக் கட்டடம் அங்கிருந்து நூறு அடி. துப்பட்டாக்களை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். பவித்ராவை நாற்காலியோடு நாலு பேர் தூக்கினார்கள். அந்த மழையிலும் அவள், "எனக்கு மட்டும்தாண்டி பல்லக்கு" என்றாள். நூலக வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். ஐம்பத்தெட்டு.

காற்று அடங்கியதும் சமையல் மாஸ்டர் மறுபக்கமாகச் சுற்றிப் போய்ச் சிலிண்டர் வால்வை மூடினார். எதுவும் எரியவில்லை. அதனாலேயே பிரச்சினை ஆரம்பித்தது.

மறுநாள் ஏ.ஓ. சார் அறிக்கை எழுதச் சொன்னார். அவரே வாசகம் சொன்னார்: மரம் விழுந்தது, மாணவிகள் பாதுகாப்பாக இடம் மாற்றப்பட்டனர். எழுதினேன். இன்னொரு தாளில் பின்கதவைப் பற்றியும் எழுதி வைத்தேன். அது என் பட்டியலில் இல்லாதது என் தவறு என்றும் எழுதினேன்.

"இது எதுக்குமா? யாருக்கும் ஒன்னும் ஆகலையே" என்று இரண்டாவது தாளை மடித்து மேசை டிராயரில் வைத்தார்.

பத்து நாளில் சுவரைப் பூசி, புதுக் கொண்டி அடித்து, பழையதைவிடப் பெரிய பூட்டு ஒன்று போட்டுவிட்டார்கள். ஏ.ஓ. சாரிடம் போய்க் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைங்க விடுதிமா. பின்கதவ தொறந்து வெச்சிட்டு, நாளைக்கு ஒன்னுன்னா பெத்தவங்களுக்கு நீயா பதில் சொல்லுவ?"

நான் கோபத்தோடு ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்:

"தோ பாரு எஸ்தரு. ஊருல எவ்ளோ பேரு கேட்டான் தெரியுமா, பொண்ண வெளிய அனுப்பிக்கினு கீறியேன்னு. அந்தப் பூட்டக் காட்டித்தான் நானு வாய அடைச்சேன். பூட்டு இல்லன்னா உன்ன அனுப்பிக் கீற மாட்டேன்."

நான் படித்தது அந்தப் பூட்டினால்தான். ஐம்பத்தெட்டுப் பேர் சாக இருந்ததும் அந்தப் பூட்டினால்தான். இரண்டும் உண்மை. அப்பாவைப் போன்றவர்கள் கேட்பது பூட்டு இல்லை, யாராவது கவனிக்கிறார்கள் என்ற நிம்மதி. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. கன்னியப்பன் அண்ணனிடம் போய், "உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கணும், வெளியிலிருந்து திறக்கக் கூடாது, திறந்தால் வார்டன் அறையில் மணி அடிக்கணும். முடியுமா?" என்றேன். தலையைச் சொறிந்தார். "இன்னா பெரிய விஷயம். ஃப்ரிட்ஜுக் கதவு தொறந்தா லைட்டு எரியுதுல்ல, அதான்."

விஷயம் சின்னதுதான். ஏ.ஓ. சாரின் கையெழுத்துதான் வேண்டும். மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும் "பாப்போம்."

கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். "சார், புயல் பட்டியல்ல ஒரு வரி சேத்திருக்கேன். நீங்க வந்து தொட்டுப் பாத்துட்டு டிக் போடுங்க" என்றேன். முறைத்தார். ஆனால் வந்தார். விடுதிக்குள் அவரைக் கூட்டிப் போனேன். விமலா மேடம், நான் கேட்டுக்கொண்டபடி, முன்கதவை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

"சார், இப்ப வாசல்ல மரம் விழுந்துடுச்சு. எங்களை வெளிய கூட்டிட்டுப் போங்க."

பின்கதவுவரை விறைப்பாக நடந்தார். பூட்டைத் தொட்டார். இழுத்தார்.

"சாவி எங்கமா?"

"மேடம்கிட்ட சார்."

"மேடம் எங்க?"

"டீக்கடையில சார்."

போன் போட்டார். மேடத்தின் போன் முன்னறை மேசையில் அடித்தது. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை. மேடம் மறந்துவிட்டுப் போயிருந்தார். அறைகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் கால் சரியாகிவிட்ட பவித்ரா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "உக்காருங்க சார். இந்த இடத்துல நின்னா கால் வலிக்கும், எங்களுக்குத் தெரியும்."

முப்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முதல் பத்து நிமிஷம் கோபமாகத்தான் இருந்தார். பிறகு அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சிச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிவிட்டது. மேடம் வந்து திறந்ததும் நேரே தன் அறைக்குப் போனார்.

திங்கட்கிழமை என் மேசையில் என் மூன்று விண்ணப்பங்களும் இருந்தன. மூன்றிலும் பச்சைப் பேனாவில் கையெழுத்து. ஒன்றுக்குப் போட்டால் போதும், மூன்றுக்கும் போட்டிருந்தார்.

மணி பொருத்திய முதல் வாரம் பதினொரு தடவை அடித்தது. எல்லாம் பெண்கள் சோதித்துப் பார்த்தது. மேடம், "பேஜாருடி உங்களோட" என்று ஒவ்வொரு தடவையும் ஓடினார். அடுத்த வாரம் இரண்டு தடவை. அப்புறம் அடிக்கவே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் அதைத் திறந்து காட்டினேன். என் அப்பாவும் வந்திருந்தார். அவரே போய்த் தள்ளிப் பார்த்தார், மணி அடித்தது, திரும்பி மற்ற அப்பாக்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கட்டில்கள் இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் பாதை.

அதுதான் கடைசி வரி, நந்தினி. புயல் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் ஒருமுறை நீயே தள்ளு. வெளியே போய் நில். இன்னொன்று. நீ வெளியூர்ப் பெண், அந்த விடுதியில் படித்தவள் இல்லை. எனக்குச் சுவராகத் தெரிவது உனக்கு வேறு எதுவாகவாவது தெரியும். என் நூற்றுச்சொச்சம் வரிகளை அப்படியே நம்பாதே.

இந்த வேலையில் இருந்துகொண்டேதான் அரசுத் தேர்வு எழுதினேன். தேர்வானேன். போன திங்கட்கிழமை ஓர் ஊரில் கிராம நிர்வாக அலுவலராகப் பொறுப்பேற்றேன். ஏரிக்குக் கீழே தாழ்வான இடத்தில் நாற்பது வீடுகள். மழை அதிகமானால் அவர்களைத் தங்கவைக்கும் இடம் ஊர்ப் பள்ளிக்கூடம் என்று பதிவேட்டில் இருந்தது. பொறுப்பேற்ற அன்று மாலையே கிராம உதவியாளரோடு அங்கே போனேன்.

கூரை நன்றாக இருந்தது. பின்பக்கம் ஒரு கதவு. அதன் முன்னால் உடைந்த பெஞ்சுகள். நகர்த்தினோம். பூட்டு இல்லை, வெறும் தாழ்ப்பாள். இழுத்துத் தள்ளினேன். ஒரு முழம் திறந்து நின்றுவிட்டது. வெளியே வேலிக்காத்தான் முள் ஆள் உயரத்துக்கு மண்டியிருந்தது.

"நாளைக்கு ஆள் இட்டாந்து வெட்டிடலாம்மா" என்றார் உதவியாளர்.

"இன்னும் வெளிச்சம் இருக்கேண்ணே."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்குப் போய் இரண்டு கொடுவாள் கொண்டு வந்தார். ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் கதவு முழுசாகத் திறந்தது.